வெள்ளை அடைப்பு பாதுகாப்பானதா? பல் ரெசினின் வேதியியலும் உடல்நலமும்



பள்ளிக்குப் பல் மருத்துவக் குழு வந்துபோன வாரத்தில் பெற்றோர் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “டீச்சர், பிள்ளை பல்லுல வெள்ளையா ஏதோ வெச்சு அடைச்சிருக்காங்க. அது பிளாஸ்டிக்னு சொல்றாங்களே, உடம்புக்குக் கெடுதல் இல்லையா?” இதற்கு இரண்டு விதமான பதில்கள் சுலபமாகக் கிடைக்கும். “ஒண்ணும் ஆகாது” என்பது ஒன்று. “அது விஷம், உடனே எடுத்துடுங்க” என்பது இன்னொன்று. இரண்டுமே அரைகுறைப் பதில்கள்தாம். முதல் பதில், கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்கவிடாது. இரண்டாவது பதிலை நம்பிச் சொத்தையை அடைக்காமல் விட்டால், பிள்ளைக்கு வலியும் சீழும்தான் மிஞ்சும்.

எஸ்.பி.எம். வேதியியல் மாணவர்களுக்கும் இந்தக் கேள்வி பயன்படும். படிவம் 4இல் படிக்கும் கூட்டுப்பொருள், படிவம் 5இல் படிக்கும் பாலிமர் இரண்டும் ஒரு சிறிய பல் அடைப்புக்குள் ஒன்றாக இருக்கின்றன. ஒரு கருத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்: கேள்வி எழுவது இறுகிய ரெசினைப் பற்றி அல்ல, இறுகாமல் மிஞ்சுவதைப் பற்றி.

அடைப்புக்குள் என்ன இருக்கிறது?

கம்போசிட் என்று பல் மருத்துவர் சொல்வது ஒரு கூட்டுப்பொருள். அதில் இரண்டு முக்கியப் பகுதிகள் உண்டு. ஒன்று ரெசின், அதாவது திரவ நிலையில் உள்ள மோனமர்களின் கலவை. மற்றொன்று மிக நுண்ணிய கண்ணாடி அல்லது சிலிக்கா தூள். எடையில் ஏறத்தாழ 60 முதல் 80 விழுக்காடு வரை தூள்தான். சிமெண்டில் மணலும் கல்லும் சேர்த்துக் காங்கிரீட் செய்வது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தூளும் ரெசினும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்ள, தூளின்மேல் சிலேன் என்னும் இணைப்புப் பொருளைப் பூசியிருப்பார்கள்.

ரெசினில் பெரும்பாலும் இருக்கும் மோனமர் பிஸ்-ஜிஎம்ஏ. அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனத்தில் பணியாற்றிய ரஃபேல் போவன் இதை உருவாக்கி 1962இல் காப்புரிமை பெற்றார். இது தேன் போலக் கெட்டியாக இருக்கும். அதனால் டிஇஜிடிஎம்ஏ போன்ற இலகுவான மோனமரைக் கலந்து இளக்குகிறார்கள். சில தயாரிப்புகளில் யுடிஎம்ஏ என்ற மோனமரும் உண்டு. அடைப்பைப் பல்லோடு ஒட்டவைக்கும் பசையில் ஹெமா என்ற சிறிய மோனமர் அடிக்கடி இருக்கும். கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் சொத்தை வராமல் தடுக்கப் பூசும் சீலன்ட்டும் பெரும்பாலும் இதே குடும்பம்தான். இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இவை எல்லாமே மெதக்ரிலேட் வகை, எல்லாவற்றிலும் கார்பன்-கார்பன் இரட்டைப் பிணைப்பு உண்டு என்பது நினைவிருந்தால் போதும்.

பசை எப்படிக் கல்லாகிறது?

மருத்துவர் பசை போன்ற ரெசினைக் குழியில் வைத்து, நீல விளக்கைக் காட்டுகிறார். சில நொடிகளில் அது கெட்டியாகிவிடுகிறது. இங்கே நடப்பது சேர்ப்புப் பாலிமராக்கம்.

ரெசினுக்குள் கேம்ஃபர்குவினோன் என்ற மஞ்சள் நிறப் பொருள் மிகச் சிறிய அளவில் இருக்கிறது. மஞ்சள் பொருள் நீல ஒளியை உறிஞ்சும் என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். இது 468 நானோமீட்டர் அளவிலான நீல ஒளியை நன்றாக உறிஞ்சுகிறது. பிறகு ஓர் அமீனோடு வினைபுரிந்து, ஃப்ரீ ரேடிக்கல் என்னும் அமைதியில்லாத துகளை உண்டாக்குகிறது. அந்தத் துகள் ஒரு மோனமரின் இரட்டைப் பிணைப்பைத் திறக்கிறது. அது அடுத்ததைத் திறக்கிறது. சங்கிலி நீள்கிறது.

பிஸ்-ஜிஎம்ஏ போன்ற ஒரு மோனமருக்கு இரண்டு முனையிலும் இரட்டைப் பிணைப்பு உண்டு. அதனால் நீளமான சங்கிலி மட்டும் உருவாவதில்லை. சங்கிலிக்கும் சங்கிலிக்கும் குறுக்கிணைப்பு விழுந்து, மீன் வலை போல முப்பரிமாணப் பின்னல் உருவாகிறது. இப்படிப் பின்னியதை மீண்டும் உருக்கவோ கரைக்கவோ முடியாது. படிவம் 5இல் தெர்மோசெட் என்று படிக்கிறீர்களே, அதே இனம்.

பின்னலுக்குள் கட்டுண்ட மூலக்கூறு உடலுக்குள் அலையமுடியாது. முழுமையாக இறுகிய ரெசின், உடலைப் பொறுத்தவரை ஏறக்குறைய மந்தமான பொருள்தான்.

இறுகாமல் மிஞ்சுவது

அப்படின்னா பிரச்சினை எங்கே? வினை ஒருபோதும் 100 விழுக்காடு முடிவதில்லை. வலை இறுக இறுக மூலக்கூறுகள் நகர இடமில்லாமல் போகின்றன. பொதுவாக இரட்டைப் பிணைப்புகளில் 50 முதல் 75 விழுக்காடு வரைதான் வினைபுரிகின்றன.

இந்த எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். “அப்போ கால்வாசிக்கு மேல் மோனமர் வெளியே ஒழுகுதா?” என்று கேட்டால், இல்லை என்பதே விடை. இரண்டு முனை உள்ள மோனமரில் ஒரு முனை வினைபுரிந்திருந்தாலே அது வலையோடு கட்டுண்டுவிடும். மறுமுனை சும்மா தொங்கிக்கொண்டிருக்கும், வெளியே போகாது. இரு முனையும் வினைபுரியாத மோனமர்தான் எச்சிலில் கரைந்து வெளியேற முடியும். அது சிறு பகுதியே. அந்தக் கசிவிலும் பெரும்பங்கு முதல் 24 மணி நேரத்திலேயே முடிந்துவிடுகிறது.

இந்த மிச்சத்தின் அளவை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன.

முதலாவது ஒளி. நீல ஒளி ரெசினுக்குள் ஆழமாகப் போகாது. அதனால்தான் மருத்துவர் வழக்கமான கம்போசிட்டை ஏறக்குறைய 2 மி.மீ. அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்குக்கும் விளக்கு காட்டுகிறார். விளக்கின் ஆற்றல் குறைந்திருந்தாலும், முனை தூரத்தில் இருந்தாலும், நேரத்தைச் சுருக்கினாலும் மேலே கல்லாகவும் அடியில் அரைகுறையாகவும் இருக்கும். மேலே தட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

இரண்டாவது காற்று. ஆக்சிஜன் ஃப்ரீ ரேடிக்கலைப் பிடித்து நிறுத்திவிடும். அதனால் அடைப்பின் மேற்பரப்பில் பிசுபிசுப்பான மெல்லிய படலம் ஒன்று இறுகாமல் நிற்கும். மோனமர் அதிகம் இருப்பது இந்தப் படலத்தில்தான். இதைத் துடைத்து, மெருகேற்றி நீக்கிவிட வேண்டும்.

மூன்றாவது ஈரம். ரெசின் வைக்கும் நேரத்தில் எச்சிலோ இரத்தமோ பட்டால் ஒட்டுதல் கெடும். ரப்பர் விரிப்பு போடுவதும் பஞ்சு வைப்பதும் இதற்காகத்தான்.

ஆக, ஒரே குழாயிலிருந்து எடுத்த ரெசின், ஒருவர் கையில் நன்றாக இறுகும். அவசரப்பட்ட இன்னொருவர் கையில் அரைகுறையாக நிற்கும். பாதுகாப்பு என்பது பொருளின் பெயரில் மட்டும் இல்லை, செய்முறையிலும் இருக்கிறது.

பல்லின் உயிர்ப்பகுதிக்கு என்ன ஆகும்?

பல்லின் வெளிப்பகுதி எனாமல். அதற்கு உள்ளே டென்டின். அதன் நடுவில் நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள பற்கூழ். டென்டின் முழுக்க நுண்குழாய்கள் ஓடுகின்றன. சிறிய மோனமர் அவற்றின் வழியாகப் பற்கூழை நோக்கி ஊடுருவ முடியும். ஆய்வகத்தில் செல்களின்மேல் நேரடியாக மோனமரை ஊற்றினால், போதிய அளவில் அவை பாதிக்கப்படுவது உண்மைதான். ஆனால் வாயில் டென்டின் ஒரு வடிகட்டி போல நடுவே நிற்கிறது. மிஞ்சிய டென்டின் எவ்வளவு தடிமனோ அவ்வளவு பாதுகாப்பு. குழி மிக ஆழமாக இருந்தால் மருத்துவர் முதலில் அடியில் கால்சியம் ஹைட்ராக்சைடு போன்ற பாதுகாப்புப் பூச்சு வைத்துவிட்டு, அதன் மேல் ரெசின் வைப்பார்.

பற்கூழுக்குப் பெரிய எதிரி ரெசினா, கிருமியா? 1965இல் ககேஹாஷியும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல வெளிச்சம் தந்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளின் பற்கூழைத் திறந்து விட்டார்கள். அது ஆறத் தொடங்கியது. சாதாரணச் சூழலில் வளர்ந்த எலிகளிலோ பற்கூழ் அழுகியது. காயம் ஒன்றுதான், வித்தியாசம் கிருமி. ரெசின் இறுகும்போது கன அளவில் ஏறக்குறைய 2 முதல் 3 விழுக்காடு சுருங்குகிறது. அந்தச் சுருக்கத்தால் ஓரத்தில் மயிரிழை இடைவெளி விழுந்தால் கிருமி உள்ளே போகும். அடைத்த பல்லில் பின்னாளில் வரும் தொல்லைக்கு இது முக்கியக் காரணம்.

ஒவ்வாமை: உண்மையான, ஆனால் மறக்கப்படும் இடர்

மெதக்ரிலேட் மோனமர் தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை உண்டாகும். இதில் முதலில் பாதிக்கப்படுபவர்கள் நாற்காலியில் படுத்திருக்கும் நோயாளிகள் அல்லர். தினமும் இறுகாத ரெசினைக் கையாளும் பல் மருத்துவர்களும் உதவியாளர்களும்தான். சாதாரண லேடெக்ஸ் கையுறையைக்கூட ஹெமா போன்ற சிறிய மோனமர் சில நிமிடங்களில் கடந்துவிடும். விரல் நுனியில் வெடிப்பும் அரிப்பும் வரும்.

இப்போது மாணவிகள் கவனிக்க வேண்டிய விஷயம். வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் ஜெல் நகப்பூச்சு இருக்கிறதல்லவா? அதுவும் விளக்கொளியில் இறுகும் இதே வகை வேதிப்பொருள். பலவற்றில் ஹெமாவே இருக்கிறது. பூச்சு நகத்தைத் தாண்டித் தோலில் பட்டு, விளக்கும் போதாமல் போனால், இறுகாத மோனமர் தோலோடு தங்கிவிடும். இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நிற்கும். பின்னாளில் பல் அடைப்புக்கோ, எலும்பு அறுவைச் சிகிச்சையில் பயன்படும் அக்ரிலிக் சிமெண்டுக்கோ உடல் எதிர்வினை காட்டலாம். 2018இல் பிரிட்டனின் தோல் மருத்துவர் சங்கம் இதைப் பற்றி வெளிப்படையாகவே எச்சரித்தது. ஜெல் நகப்பூச்சால் விரலில் அரிப்பு வந்திருந்தால், அதைப் பல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பிபிஏ பற்றிய அச்சம்

பெற்றோர் அதிகம் கேட்பது பிஸ்ஃபீனால்-ஏ, சுருக்கமாக பிபிஏ பற்றித்தான். இது உடலில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போல மெலிதாக நடிக்கக்கூடியது. மலேசியாவில் 2012 மார்ச் முதல் குழந்தைகளின் பால் போத்தலில் இதற்குத் தடை உண்டு.

பல் ரெசினுக்குள் பிபிஏவை யாரும் ஒரு சேர்மானமாகப் போடுவதில்லை. பிஸ்-ஜிஎம்ஏவைத் தயாரிக்க அது மூலப்பொருள். அதனால் தயாரிப்பு மிச்சமாகத் துளி அளவு இருக்கலாம். வாய்க்குள் பிஸ்-ஜிஎம்ஏ உடைந்து பிபிஏ ஆகுமா? அங்குள்ள ஈதர் பிணைப்பை எச்சிலின் நொதிகளால் எளிதில் வெட்ட முடியாது. ஆனால் பிஸ்-டிஎம்ஏ என்ற வேறொரு மோனமரில் அந்த இடத்தில் எஸ்டர் பிணைப்பு இருக்கிறது. எஸ்டரேஸ் நொதி அதை வெட்டினால் பிபிஏ வெளிவரும். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் பிணைப்பு வேறு, விளைவும் வேறு. 1996இல் ஸ்பெயினின் கிரனாடா ஆய்வாளர்கள் சீலன்ட் பூசியவர்களின் எச்சிலில் பிபிஏ இருப்பதாக அறிவித்தபோதுதான் இந்த விவாதம் சூடுபிடித்தது. அதன்பின் வந்த ஆய்வுகளில், பூசிய சில மணி நேரத்தில் அளவு கூடிப் பிறகு இறங்குவது தெரிந்தது.

ஐரோப்பிய ஆணையத்தின் அறிவியல் குழு 2015இல், பல் பொருள்களால் வரும் பிபிஏ இடர் மிகச் சொற்பமே என்று முடிவு சொன்னது. அப்போது அது கையில் எடுத்த அளவுகோல், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 மைக்ரோகிராம். 2023இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த அளவை 0.2 நானோகிராமாகக் குறைத்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு முன்பு 80,000 நானோகிராம், இப்போது 4 நானோகிராம். 20,000 மடங்கு இறக்கம். ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இதை ஏற்காமல், கிலோவுக்கு 200 நானோகிராம் என்று தனி அளவைச் சொன்னது. ஆக, பழைய முடிவை எடுத்துக்காட்டும்போது எந்த அளவுகோலில் எடுத்த முடிவு என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

அதே நேரத்தில் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். நம் உடலுக்குள் பிபிஏ வரும் பெரிய வழி உணவும் அதன் கொள்கலன்களும்தான். அது தினசரி வரவு. பல் அடைப்பின் வரவு பெரும்பாலும் வைத்த அன்றைக்கானது.

பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு என்ன சொல்கிறது?

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் 534 பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பாதரசக் கலவை அடைப்பும் மறு குழுவுக்கு ரெசின் அடைப்பும் வைத்து 5 ஆண்டுகள் தொடர்ந்தார்கள். நோக்கம் பாதரசத்தைச் சோதிப்பது. 2006இல் வந்த முடிவில் பாதரசக் குழுவின் அறிவுத்திறன் குறைந்ததாகத் தெரியவில்லை. 2012இல் அதே தரவை மறுபடி அலசியபோது, பிஸ்-ஜிஎம்ஏ அடைப்பு அதிகம் இருந்த பிள்ளைகளின் மன, சமூக நடத்தை மதிப்பெண்கள் சற்றுப் பின்தங்கியிருந்தன. ஆனால் அறிவாற்றல் சோதனைகளில் தெளிவான தொடர்பு காணப்படவில்லை. தொடர்பு வேறு, காரணம் வேறு என்பதை மாணவர்கள் இங்கே நன்றாகக் கற்றுக்கொள்ளலாம். ஒரு சிறிய தொடர்பை வைத்து “ரெசினால்தான் வந்தது” என்று சொல்லிவிட முடியாது. அதற்காக அதை மறைக்கவும் கூடாது.

மாற்று இல்லையா?

இருக்கிறது. பாதரசக் கலவையில் ஏறக்குறைய பாதி எடை பாதரசம். மினாமாட்டா ஒப்பந்தத்தின் வழியில் உலகம் அதைக் கைவிட்டு வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி முதல், மருத்துவக் காரணம் இருந்தாலொழிய அதற்கு இடமில்லை. கிளாஸ் அயனோமர் இன்னொரு மாற்று. இது அமில-கார வினையால் இறுகுவது. வழக்கமான வகையில் மெதக்ரிலேட் இல்லை, ஃபுளோரைடும் கசியும். ஆனால் மெல்லும் அழுத்தத்தை ரெசின் அளவுக்குத் தாங்காது. ரெசின் கலந்த அயனோமரில் ஹெமா இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். எல்லா நன்மையும் ஒரே பொருளில் இல்லை. பல், குழி, வயது, ஒவ்வாமை பார்த்து மருத்துவர் தேர்வு செய்கிறார்.

பெற்றோரிடம் என்ன சொல்லலாம்?

1. நன்றாக இருக்கும் பழைய அடைப்பைப் பயந்து எடுக்க வேண்டாம். துளைபோட்டு எடுக்கும்போதுதான் தூசியும் கசிவும் கூடும், நல்ல பல்லும் தேயும்.

2. அடைப்பு அல்லது சீலன்ட் வைத்தவுடன் மேற்பரப்பைத் துடைக்கச் சொல்லிக் கேட்கலாம். பிள்ளை 30 நொடி வாய் கொப்பளித்துத் துப்பட்டும், விழுங்க வேண்டாம். 2010இல் பீடியாட்ரிக்ஸ் மருத்துவ இதழில் வந்த கட்டுரை துடைப்பதையும் கொப்பளிப்பதையும் பரிந்துரைத்தது.

3. கர்ப்பிணிகளுக்கு அவசரமில்லாத அடைப்பைத் தள்ளிப்போடலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். அதே கட்டுரை இதையும் சொன்னது. வலி, சீழ் இருந்தால் தள்ளிப்போடக் கூடாது.

4. ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

5. விளக்கு காட்டும்போது பிள்ளை நீல ஒளியை உற்றுப் பார்க்கக் கூடாது. ஆரஞ்சுக் கண்ணாடி நீல ஒளியை உறிஞ்சிக் கண்ணைக் காக்கும்.

6. எல்லாவற்றுக்கும் மேலாக, சொத்தையே வராமல் பார்த்துக்கொள்வது. வைக்கத் தேவைப்படாத அடைப்பைவிடப் பாதுகாப்பான அடைப்பு கிடையாது.

தேர்வு நோக்கில்

“ரெசின் அடைப்பு பாதுகாப்பானதா? விளக்குக” என்று கேள்வி வந்தால், ஆம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். ஆபத்து, இடர் என்ற இரு சொற்களைப் பிரித்துக் காட்டுங்கள். ஆபத்து என்பது பொருளின் இயல்பு: மோனமர் செல்லைப் பாதிக்கக்கூடியது. இடர் என்பது எவ்வளவு, எவ்வளவு நேரம், எந்த வழியில் உடலைச் சேர்கிறது என்பதையும் சேர்த்துப் பார்ப்பது: நன்கு இறுகிய அடைப்பில் மோனமர் கசிவு குறைவு, அதுவும் பெரும்பாலும் முதல் நாளோடு. மருத்துவச் சாதனங்களுக்கான ஐஎஸ்ஓ 10993, பல் மருத்துவப் பொருள்களுக்கான ஐஎஸ்ஓ 7405 ஆகிய தரநிலைகளும் ஒரு பொருள் எந்தத் திசுவை எவ்வளவு காலம் தொடுகிறது என்பதைப் பொறுத்தே சோதனைகளை வகுக்கின்றன.

வகுப்பறைப் பயிற்சிக்கு மூன்று வினாக்கள்:

அ. இரட்டைப் பிணைப்புகளில் 60 விழுக்காடு மட்டும் வினைபுரிந்திருந்தாலும், 40 விழுக்காடு மோனமர் வெளியேறாது. ஏன்?

ஆ. 4 மி.மீ. ஆழக் குழியில் வழக்கமான கம்போசிட்டை ஒரே அடுக்காக வைத்தால் நேரக்கூடிய இரண்டு விளைவுகளைக் காரணத்தோடு எழுதுக.

இ. பிஸ்-ஜிஎம்ஏ, பிஸ்-டிஎம்ஏ இரண்டில் எச்சில் நொதியால் பிபிஏ தரக்கூடியது எது? பிணைப்பின் வகையைக் கொண்டு விளக்குக.

தமிழ்மொழி ஆசிரியர்கள் “பெற்றோரிடம் என்ன சொல்லலாம்?” பகுதியை உரையாடல் எழுதும் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒரு மாணவர் பெற்றோராகவும் ஒருவர் ஆசிரியராகவும் பேசட்டும். பயமுறுத்தாமலும் மழுப்பாமலும் பதில் சொல்லப் பழகுவது வேதியியல் மதிப்பெண்ணைத் தாண்டியும் அவர்களுக்கு உதவும்.